பாடத்தில் வராத பாட்டாளி

தம்பி,

நவம்பர் 11, காலை 11 மணி. இங்கிலாந்திலே பள்ளிச் சிறார்கள் சட்டையிலே சிவப்புப் பூ அணிந்து, இரண்டு நிமிடம் வாய் பேசாது நிற்கிறார்கள். 1918இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நேரம் அது. மாண்டவர்க்கு மரியாதை! நல்ல பழக்கம், குறை கூறுவாரில்லை.

நமது பள்ளியிலும் உலகப் போர் பாடந்தான். எந்த ஆண்டு மூண்டது, எவன் எவனோடு சேர்ந்தான், எந்த உடன்படிக்கை எங்கே கையெழுத்தாயிற்று என்று பையன் மனப்பாடம் செய்கிறான், மார்க்கு வாங்குகிறான், மறந்துவிடுகிறான். மறக்கக்கூடாத சேதி ஒன்று உண்டே, அது அவன் காதிலே விழுகிறதா?

சயாம் மரண ரயில்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு வழி வேண்டும். கடலிலோ, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள். எனவே சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு, காட்டை அழித்து மலையைப் பிளந்து 415 கிலோமீட்டர் பாதை! 1943 அக்டோபரில் வேலை முடிந்தது.

யார் போட்ட பாதை? போர்க் கைதிகள் உழைத்தனர். அவர்களிலே ஏறக்குறைய 13,000 பேர் மாண்டனர். மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும், சயாம், பர்மாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தொழிலாளரோ, 80,000 முதல் ஓர் இலட்சம் பேர் வரை மாண்டிருப்பர் என்பது கணக்கு! மலேயாவிலிருந்து சென்றவருள் மிகப் பலர் தமிழர். தோட்டத்திலே ரப்பர் மரம் சீவியவர்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டினர். ஆள் சேராதபோது பிடித்து இழுத்துச் சென்றனர். அடைமழை, அரைவயிற்றுச் சோறு, காலரா! கைதிக்கேனும், அவனோடு சிறைப்பட்ட இராணுவ மருத்துவர் இருந்தார். கூலிக்காரனுக்கு யார் இருந்தார்?

காஞ்சனபுரியிலே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. பட்டாளத்துக்காரனுக்குப் பதிவேடு உண்டு. ஆகவே கல்லிலே பெயர் உண்டு. பாட்டாளிக்குப் பதிவேடு ஏது? 1957இல் குவாய் ஆற்றுப் பாலம் பற்றி ஆங்கிலப் படம் வந்தது. கைதியின் கதையை உலகமே பார்த்தது. நம்மவன் நினைவாகக் காஞ்சனபுரியிலே நடுகல் எழுந்ததோ 2023இல். எண்பது ஆண்டு கழித்து!

ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு வணங்கிய இனம் இது. தண்டவாளம் சுமந்து மாண்டவனை மறக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுகளைச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாமென்று கூறவில்லை. அத்தோடு இதையும் சொல்லுங்கள். "உங்கள் ஊரிலிருந்து, உங்கள் குடும்பத்திலிருந்து மலேயாத் தோட்டத்துக்குப் போனவர் உண்டா? போய்த் திரும்பாதவர் உண்டா? வீட்டுப் பெரியவரைக் கேட்டு வா" என்று அனுப்புங்கள். பையன் ஒரு பெயரோடு திரும்பி வரட்டும். அந்தப் பெயருக்காக வகுப்பே இரண்டு நிமிடம் எழுந்து நிற்கட்டும்!

போரை மூட்டியவர் பெயர் புத்தகத்திலே இருக்கிறது. விலை கொடுத்தவன் பெயர் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை எவன் போர் முரசு கொட்டினாலும் எளிதில் ஏமாறமாட்டான், தம்பி!