மேக்கா விண்டோஸா: டேலியில் தொடங்குங்கள்

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மேக் வாங்கலாமா, விண்டோஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ன வேலை பார்க்கப் போகிறார்? வணிகவியல் மாணவருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டுமென்றால் விண்டோஸ்தான். டேலி அதற்காகவே எழுதப்பட்டது. இயந்திரப் பொறியியலில் சாலிட்வொர்க்ஸும் அப்படியே. ஐபோன் செயலி எழுத ஆசைப்படுபவருக்கு எக்ஸ்கோடு வேண்டும். அது மேக்கில் மட்டுமே ஓடும்.

இன்டெல் சில்லு இருந்த மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸையும் நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறியதும் அந்த வழி அடைபட்டது. ஆனால் அந்த மாற்றம் அருமையானது. நினைவகம் (ரேம்) சில்லுக்கு ஒட்டினாற்போல் அமர்ந்திருக்கிறது. கணக்குப் போடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தரவை இங்கிருந்து அங்கே நகலெடுக்கும் வேலை குறைகிறது, மின்சாரமும் மிச்சம். அதனால்தான் எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. வீடியோ தொகுக்கும்போதுகூட அதிலிருந்து ஓசை வராது.

இதற்கு ஒரு விலை உண்டு. மேக்புக்கில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. பல விண்டோஸ் மடிக்கணினிகளில் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, ரேம் பட்டையைச் சாய்வாகச் செருகி அழுத்தினால், இருபுறக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டில் வேகம் குறைந்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம் இது. ஆனால் மெலிதான விண்டோஸ் மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். மேக் என்றால் 16 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய 8 ஜிபி மாடலில் கடன் வாங்கிய பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

பழைய விண்டோஸ் மடிக்கணினி வாங்குபவர்கள் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

வீட்டில் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் மறக்க வேண்டாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்ததென்றால், மேக் அதிலுள்ள கல்யாண வீடியோவைக் காட்டும். புதிதாக ஒரு கோப்பைப் போட விடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இரண்டிலும் எழுதலாம். மாற்றும்போது உள்ளிருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.