உண்ணிக் காய்ச்சலில் இடப்பக்க வலி

ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் மண்ணீரலைச் சிதைப்பது அரிது. அரிது என்பதாலேயே யாரும் அதைத் தேடுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புதர்களிலும் வரப்போரப் புற்களிலும் வாழும் கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது, ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைந்து ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. இந்நோயில் மண்ணீரல் வீங்குவது புதிதல்ல. சிலருக்கு மட்டும் அதன் குழாய்களில் ரத்தம் உறைந்து, ஒரு பகுதி மடிந்துபோகிறது. அதைவிட அரிதாக, அடி எதுவும் படாமலே வீங்கிய மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. இடது விலாவுக்குக் கீழும் சில வேளை இடது தோளிலும் வலி இருக்கும். கிழிந்துவிட்டால் மயக்கம், குளிர்ந்த வியர்வை, ரத்த அழுத்தச் சரிவு. காய்ச்சலோடு இப்படி வலித்தால் வாயுத்தொல்லை என்று ஒதுக்கக் கூடாது, அன்றே வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும். மடிந்த பகுதி பெரும்பாலும் மருந்திலேயே ஆறிவிடும். கிழிசலுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

இந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் வழி டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையைத் தாமதிக்காமல் தருவதுதான், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடப்படும் பென்சிலின், செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஊசிகள் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. பரிசோதனையில் உறுதியாகாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறல்லவா என்று கேட்பார்கள். பொதுவாக நியாயமான எச்சரிக்கைதான். ஆன்டிபயாடிக்குகளை வீணடித்ததன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் காட்டும் சோதனை முதல் சில நாட்களில் பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2015 வழிகாட்டுதல், நியாயமான சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. சரியான மருந்து சேர்ந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணியும். தணியாவிட்டால் வேறு காரணத்தையோ சிக்கலையோ தேட வேண்டும். இந்நோயில்போலவே தட்டணுக்கள் டெங்குவிலும் குறையும், மண்ணீரல் மலேரியாவிலும் வீங்கும் என்பதும் உண்மை. மருத்துவர் அவற்றையும் சோதிக்கட்டும், இதையும் மறக்க வேண்டாம்.

இந்தச் சிகிச்சை மறுக்கப்பட்டாலோ தாமதமானாலோ நோயாளியின் பக்கம் சட்டம் இருக்கிறது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராதது வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996இல் தீர்ப்பளித்தது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அப்போது இந்தப் பதிவுகள்தான் சாட்சி. ஆனால் அதுவரை போகவிடாதீர்கள்: ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லையென்றால், வயலுக்கோ புதருக்கோ போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?’ என்று நீங்களே கேளுங்கள்.