துடிக்கும் சதையும் துரத்தும் பயமும்

உடற்பயிற்சி முடித்துச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ஓய்வாகச் சாய்ந்திருக்கும்போது, கெண்டைக்காலிலோ தொடையிலோ புஜத்திலோ தோலுக்கு அடியில் சதை துள்ளுவது பலருக்கும் நேர்வது. வலி இருக்காது, மூட்டும் பெரும்பாலும் அசையாது. மருத்துவர்கள் இதைப் பாசிக்குலேஷன் என்கிறார்கள். முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தன் பொறுப்பில் ஒரு கொத்துத் தசை நார்களை வைத்திருக்கிறது. மூளையிடமிருந்து கட்டளை வராமலே அந்த நரம்பு தானாக ஒரு மின்துடிப்பை விட்டால், அந்தக் கொத்து முழுவதும் ஒருசேரச் சுருங்கி விரியும். கண்ணிமை துடிப்பதும் இதற்கு நெருங்கிய உறவுதான். வலக்கண்ணா இடக்கண்ணா என்று பலன் பார்க்கும் ஊரில் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. கால் துடித்தால்தான் தூக்கம் போகிறது.

களைத்த தசையில் நரம்பு நுனிகள் எளிதில் தூண்டப்படும். வியர்வையோடு போன நீரும் உப்பும், தூக்கக் குறைவு, காபி, ஜிம்முக்குப் போகுமுன் கரைத்துக் குடிக்கும் கஃபீன் பொடி, மூச்சிரைப்புக்கான சால்புட்டமால் இன்ஹேலர் ஆகியவை துடிப்பைக் கூட்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ரத்தத்தில் கால்சியமோ மக்னீசியமோ குறைந்தாலும் இதே அறிகுறி வரலாம் என்பதால் மருத்துவர் சில ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஊற, வியர்த்துக் கொட்ட, சதையும் துடித்தால் அது வேறு கதை: ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் அடையாளம் அது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே நோய்தான்: ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய். ஸ்டீபன் ஹாக்கிங்கால் உலகம் அறிந்த இந்த நோயின் அறிகுறிப் பட்டியலில் தசைத் துடிப்பும் இருக்கிறது. செல்போனில் தேடுகிறவர் கண்ணில் அந்த ஒரு வரி மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வருகிற நோய் அது என்பதும், அதில் பொதுவாக முதலில் தட்டுப்படுவது துடிப்பு அல்ல, பலவீனம் என்பதும் கண்ணில் படுவதில்லை. அந்தப் பலவீனம் பயிற்சிக்குப் பின் வரும் அசதியைப் போன்றதன்று. சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது, நடக்கையில் முன்பாதம் தரையில் தட்டும், பேச்சு குழறும். அது ஓய்வெடுத்தால் தீராது. நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போகும். அசதி என்பது செய்யச் சிரமமாக இருப்பது, பலவீனம் என்பது செய்யவே முடியாமல் போவது. துடிக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே பயனுள்ளது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே முக்கியமானது. துடிப்பு மட்டும் இருந்து, நரம்பியல் பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் தென்படாத 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. அந்த 121 பேரில் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள் கணிசமாக இருந்தது இன்னொரு சுவையான செய்தி. 2013இல் ஆஸ்திரேலிய நரம்பியல் வல்லுநர்கள், மருத்துவர்களையே பிடித்தாட்டும் இந்தத் துடிப்பு அச்சத்துக்குத் தனிப்பெயர் சூட்டி ஒரு கட்டுரையே எழுதினார்கள். விவரம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது எல்லா நேரமும் உண்மையில்லை.

பயம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விதம் விசித்திரமானது. இரவு விளக்கை அணைத்த பிறகு, செல்போன் டார்ச்சைக் கெண்டைக்காலில் அடித்து ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலிலும் துடித்திருக்கும், வேலை மும்முரத்தில் தெரிந்திருக்காது. இப்போது ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்க, நரம்புகள் இன்னும் எளிதில் தூண்டப்படுகின்றன. பலம் இருக்கிறதா என்று சோதிக்க அவர் குதிகாலிலும் நுனிக்காலிலும் மாறிமாறி நடக்கிறார். அந்தச் சோதனையிலேயே கால் களைத்து மேலும் துடிக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் ஒப்பிட்டு, ஒரு பக்கச் சதை மெலிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார். எழுதும் கைக்கும் மற்றக் கைக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு என்பது அப்போது நினைவுக்கு வராது.

ஆகவே சமாளிப்பு இரண்டு முனையில் நடக்க வேண்டும். உடல் பக்கம் எளிது: போதிய தண்ணீர், ஒழுங்கான தூக்கம், குறைந்த காபி. மக்னீசியம் மாத்திரையை வாங்கி விழுங்குவதில், குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பலன் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்தும் உண்டு. மனப் பக்கம்தான் கடினம். நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை முறையாகக் காட்டி, அவர் கைகால் பலத்தையும் அனிச்சைச் செயல்களையும் பார்த்து, தேவையென்று கருதினால் ஊசி முனையால் தசையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.எம்.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்னால், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் இன்னொரு மருத்துவர், இன்னொரு பரிசோதனை என்று போனால் நிம்மதி நாலு நாள்தான் நிற்கும். உடலைச் சோதிப்பதையும் இணையத்தில் தேடுவதையும் படிப்படியாகக் குறைக்கப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இத்தகைய நோய் அச்சத்துக்குப் பலன் தருவது. துடிப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வந்து வந்து போகும். அது நின்ற பிறகுதான் நிம்மதி என்று காத்திருப்பவருக்குச் சிகிச்சை நீளும்.

தாமதிக்கக் கூடாதவையும் உண்டு. மேலே சொன்ன வகைப் பலவீனம், தசை மெலிதல், விழுங்கச் சிரமம் ஆகியவை தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லாதவர் பயிற்சியை விட வேண்டியதில்லை. பயந்து ஒரேயடியாக விட்டவருக்குத் திரும்பத் தொடங்கும்போது சதை கூடுதலாக வலிக்கும், துடிக்கவும் செய்யும். எடையையும் ஓடும் தூரத்தையும் முன்பிருந்ததில் பாதியாக வைத்துக்கொண்டு, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்தில் இருப்பது வழக்கமானதே.