மருந்தா, நோயா? தொழுநோய்ச் சிகிச்சையில் தோல் மாற்றங்கள்

தொழுநோய்க்கென உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மூன்று மருந்துகளைக் கொண்டது. இவற்றை உட்கொள்ளும் மாதங்களில் தோலில் எது தோன்றினாலும் ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அந்த முடிவு சில வேளைகளில் உயிரைக் காப்பதும் சில வேளைகளில் கைகால்களை முடக்குவதுமாக இருப்பதே இச்சிகிச்சையின் சிக்கல்.

நோயாளிகளை மிகவும் வருத்துவது குளோஃபாசிமின் தரும் நிறமாற்றம். அடிப்படையில் ஒரு சாயப்பொருளான இம்மருந்து தோலில் படிவதால் மேனி செம்பழுப்பாகிக் கறுக்கும், வறண்டு செதில் உதிரும். ஆயினும் வீக்கமோ வலியோ இராது, மருந்து முடிந்தபின் நிறம் மெல்லமெல்லத் திரும்பிவிடும்.

முன்பே இருந்த தேமல்கள் திடீரெனச் சிவந்து, தடித்து, சூடேறினால் அது பெரும்பாலும் மருந்தின் வேலையன்று. கிருமிகளின் புரதங்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் வெகுண்டெழும் ‘எதிர்வினை’ எனப்படும் நிலை அது. கிருமி மிகுந்தவர்களிடம் இதன் இன்னொரு வகை, காய்ச்சலோடு கூடிய வலிமிக்க முடிச்சுகளாக, தேமல் இல்லாத தோலிலும் எழும். மருந்தை நிறுத்திப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும் என்னும் பொதுவிதி இங்கே உதவாது. ஏனெனில் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழிந்த பின்னரும் எதிர்வினை வரக்கூடும். கூட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே, நரம்பு பாதிக்கப்படும் அறிகுறி தென்பட்டால் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே முறை.

இதற்கு நேர்மாறானது டாப்சோன் ஒவ்வாமை நோய்த்தொகுதி. மருந்து தொடங்கிய பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் பரவும் தடிப்பு, நெறிகட்டுதல், சில வேளை மஞ்சள்காமாலை ஆகியன சேர்ந்து வரும். டாப்சோனை உடனே நிறுத்தாவிடில் உயிருக்கே ஆபத்து, பின்னர் ஒருபோதும் அதைக் கொடுக்கவும் கூடாது. எச்எல்ஏ-பி*13:01 என்னும் மரபணு வகையைக் கொண்டவர்களுக்கு இவ்வாபத்து மிகுதி என்பதைச் சீன நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

காய்ச்சல் இரண்டிலும் வருமாதலால், மருத்துவர் தோலை மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை: மருந்து தொடங்கிய நாளைக் கேட்கிறார், கழுத்திலும் அக்குளிலும் நெறி உண்டா என்று தடவிப் பார்க்கிறார், கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என நோக்குகிறார், முழங்கையின் பின்புறத்து நரம்பை அழுத்தி வலிக்கிறதா என அறிந்து, விரல்களின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதிக்கிறார். உணர்ச்சி குன்றி ஆறு மாதங்களுக்குள் ஸ்டீராய்டு தொடங்கப்பட்டால் நரம்பு மீள்வதற்கான வாய்ப்பு அதிகம்.