மக்குப் பிள்ளை என்று ஒரு பிள்ளை உண்டா?



போன மாதம் எங்கள் குழுக் கூட்டம். சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரு அக்கா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்று கேட்டோம்.

"என் பையனுக்குப் படிப்பே ஏறலம்மா. மூணாம் வகுப்பு வந்துட்டான், கழித்தல் கணக்கு வரல. நேத்து கரண்டியால அடிச்சுட்டேன், கை வீங்கிப் போச்சு. மக்கா பொறந்துட்டான், என்ன பண்ண?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அங்கே இன்னொரு உறுப்பினரின் மகளும் இருந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். அந்தத் தேர்வில் 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றித்தான். "பெரியம்மா, அடிக்காதீங்க. நான் ஒண்ணு செஞ்சு காட்டுறேன்" என்று எழுந்தாள். அன்று அவள் செய்து காட்டியதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் சொன்ன பாடம்

ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஐந்து வயதுப் பாப்பா ஒன்றைக் கூப்பிட்டு, "ரெண்டும் சமமா இருக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை, அந்தப் பாப்பா பார்க்கவே, ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றினாள். "இப்ப எதுல தண்ணி அதிகம்?"

"பாட்டில்லதான்!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அடுத்து ஒன்பது வயதுப் பையனைக் கேட்டாள். "அதே தண்ணிதானே அக்கா, சமம்தான்" என்றான்.

ஐந்து வயதுப் பாப்பா மக்கு இல்லை. அந்த வயதில் பல குழந்தைகளும் உயரத்தை மட்டும்தான் பார்க்கும். உயரம் கூடினாலும் அகலம் குறைகிறது என்று இரண்டையும் சேர்த்து யோசிக்கும் திறன் பிறகுதான் வரும்.

இதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896–1980). இளம் வயதில் பாரிஸ் நகரத்தில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனை வேலையில் இருந்தபோது, ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தப்பு செய்வதைக் கவனித்தார். தப்பான பதிலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். தன் மூன்று குழந்தைகளையும் பிறந்ததிலிருந்து கவனித்துக் குறிப்பு எழுதினார்.

அவர் சொன்ன நான்கு பருவங்கள்:

1. பிறந்தது முதல் 2 வயது வரை: தொட்டு, கடித்து, வாயில் வைத்து உலகத்தை அறியும்.
2. 2 முதல் 7 வரை: பேச்சும் கற்பனையும் வளரும். குச்சியே குதிரையாகும். கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவு செய்யும்.
3. 7 முதல் 11 வரை: கையில் பொருளை வைத்து, காரணத்தோடு யோசிக்கும்.
4. 11க்கு மேல்: கண் முன்னால் இல்லாததையும் மனதில் வைத்து யோசிக்கும்.

இந்த வயதுக்கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தாது. கேட்கும் விதமும் முக்கியம். 1970-களில் நடந்த ஒரு சோதனையில் இரண்டு வரிசையில் சமமாகச் சில்லுகளை அடுக்கினார்கள். ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டுக் கேட்டபோது பல குழந்தைகள் தப்பாகச் சொன்னார்கள். அதையே ஒரு கரடிப் பொம்மை குறும்பு செய்து கலைத்ததுபோல் விளையாட்டாகச் செய்தபோது, நிறையக் குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள்.

அப்போ சும்மா காத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியை நானும் கேட்டேன். "இல்லக்கா, அதுக்கு இன்னொருத்தர் இருக்கார்" என்றாள். அவர் வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896-ல், ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். காசநோயால் 1934-ல், 37 வயதிலேயே இறந்துவிட்டார்.

பிள்ளை தானாகச் செய்யக்கூடியது ஒன்று. யாராவது உதவினால் செய்யக்கூடியது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் அவர். கோலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் நாம் புள்ளி வைத்துக் கொடுக்கிறோம், விரலைப் பிடித்து இழுக்கிறோம். கை பழகியதும் விட்டுவிடுகிறோம். இந்த உதவிக்கு 1976-ல் ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'சாரம்'. கட்டட வேலைக்குப் போகும் சகோதரிகளுக்குத் தெரியும், சுவர் எழும்பும்வரைதான் சாரம் தேவை. வேலை முடிந்ததும் பிரித்துவிடுவோம்.

கட்டைப் பிரிச்சான்

பிறகு அந்த அக்காவின் பையனைக் கூப்பிட்டாள். 32-லிருந்து 17 கழிக்க வேண்டும். "கடன் வாங்கணும்னு சொன்னாங்க. யார்கிட்ட வாங்குறது, எப்ப திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியல" என்றான். குழுவே சிரித்தது. ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? அவன் வீட்டில் கடன் என்றால் அப்படித்தானே!

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, மூன்று கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கொடுத்தாள். "இதுலேர்ந்து 17 எனக்குக் குடு." ஒரு கட்டை நீட்டினான். இன்னும் ஏழு வேண்டும். கையில் தனியாக இருப்பது இரண்டுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் பேசவில்லை. "கட்டைப் பிரிக்கணும்க்கா" என்று தானே பிரித்தான். மீதி 15 என்றான்.

அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீங்கிய கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

* புளியங்கொட்டை, குச்சி, சில்லறைக் காசு வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம்.
* தப்பாகச் சொன்னால், "எப்படிடா கண்ணு யோசிச்சே?" என்று கேட்போம்.
* பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். 'மக்கு' என்ற சொல் வேண்டாம்.
* முழுவதையும் நாமே செய்து கொடுக்க வேண்டாம். ஒரு படி உதவிவிட்டுக் காத்திருப்போம்.
* இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், கரும்பலகை தெரியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.
* கட்டாயக் கல்விச் சட்டம் (2009) பள்ளியில் அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. பள்ளியில் கூடாதது வீட்டிலும் வேண்டாமே.

அடுத்த கூட்டத்தில் தண்ணீர்ச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுவோம்.