பழைய கம்ப்யூட்டருக்கும் பல் உண்டு

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறோம். நிறத்தைப் பார்த்தா பணம் கொடுக்கிறோம்? வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறோம். இரண்டு பல் போட்டிருந்தால் இளசு. எட்டுப் பல்லும் முளைத்திருந்தால் முழு வயது. பிறகு பாலையும் கறந்து பார்க்கிறோம். புங்கனூர்க் குட்டை மாட்டைக் கன்று என்று நினைத்து ஏமாறுகிறவர் நம் பக்கம் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் இந்த அறிவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

உங்கள் மகள் திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் வேண்டும் என்கிறாள். புதியது வாங்கப் பணம் போதாது. பழையதை வாங்கலாம். அதில் தவறு இல்லை. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களை மொத்தமாகத் தள்ளிவிடும். வியாபாரிகள் அவற்றை வாங்கி, துடைத்து, பழுது பார்த்து விற்கிறார்கள். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இந்த வியாபாரத்துக்குப் பெயர் போனது. நம் ஊர்க் கடைகளிலும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கிடைக்கும். நல்ல சரக்கும் இருக்கும். பளபளப்பாகத் துடைத்து வைத்த கிழடும் இருக்கும்.

கடைக்காரர் சொல்வார்: "அம்மா, இது ஐ5. புதுசு மாதிரி ஓடும்."

நீங்கள் கேளுங்கள்: "சரி தம்பி, ஐ5க்கு அடுத்து என்ன எண்?"

அந்த எண்தான் கம்ப்யூட்டரின் பல். கம்ப்யூட்டருக்கு மூளை போன்ற பகுதி பிராசசர். இன்டெல் கம்பெனியின் ஐ3, ஐ5, ஐ7 பிராசசர்களில் பின்னால் ஒரு நீண்ட எண் இருக்கும். ஐ5-2400 என்று இருந்தால் முதல் எண் 2. அது இரண்டாம் தலைமுறை. 2011-இல் வந்தது. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. 2017-இல் வந்தது. முதல் எண் 1 என்று இருந்தால் அடுத்த எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். 10210 என்றால் பத்தாம் தலைமுறை. 1135 என்றால் பதினொன்று. மாட்டுக்குப் பல் கூடினால் வயது கூடும். இங்கே தலைகீழ். எண் கூடினால் இளசு.

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். கம்ப்யூட்டரை ஓடவிட்டு, செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிராசசரின் முழுப் பெயரும் எண்ணும் அங்கே இருக்கும். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

வயது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதற்கு அடுத்தது விண்டோஸ் 11. இன்டெல் பிராசசர் என்றால், எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. ஆகவே எட்டுக்குக் கீழே உள்ளதற்கு அதிக விலை கொடுக்கக் கூடாது. அது குப்பையும் அல்ல. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எழுத, படிக்க, கணக்குப் போட உதவும். வாங்குமுன் மகளிடம் கேளுங்கள். அவள் பாடத்துக்கு அது போதுமா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ராம் என்ற நினைவகம் 4 ஜிபி இருந்தால் கம்ப்யூட்டர் திணறும். 8 ஜிபி இருப்பது நல்லது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை விட எஸ்எஸ்டி பல மடங்கு வேகமானது.

இனி பால் கறக்கும் வேலை. அரை மணி நேரம் கடையிலேயே உட்காருங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். சார்ஜர் வயரைப் பிடுங்குங்கள். உடனே அணைந்தால் பேட்டரி செத்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பாருங்கள். மூடித் திறந்து கீல் ஆடுகிறதா என்று பாருங்கள். வைஃபை, கேமரா, ஒலி எல்லாவற்றையும் சோதியுங்கள்.

பிறகு கணக்கு. 12,000 ரூபாய் என்கிறார். பேட்டரி மாற்ற 2,000, எஸ்எஸ்டி போட 2,500 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உண்மை விலை 16,500. இந்தத் தொகையை வைத்துத்தான் அடுத்த கடையோடு ஒப்பிட வேண்டும். பேரமும் இதை வைத்துத்தான்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண் பில்லிலும் இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்றால் பணமும் போகும், போலீஸ் நிலையத்துக்கும் நடக்க வேண்டும்.

வீட்டில் செத்துப்போன கம்ப்யூட்டர் கிடக்கிறதா? "உள்ளே தங்கம் இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மெல்லிய பூச்சாக, மிகக் கொஞ்சம். அதை எடுக்க அமிலம் ஊற்றுவதும் வயரை எரிப்பதும் விஷப் புகையைக் கிளப்பும். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதை உடைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்றவர்கள்தான் இவற்றைப் பிரித்தெடுக்கலாம். கொடுக்கும் முன் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அதில் இருக்கும்.