பெயரும் பிரதிப்பெயரும்



ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூறாதிருக்கும் பொருட்டு அதன் இடத்தில் வந்து நிற்கும் சொல்லைப் பிரதிப்பெயர் என்கிறோம். ஒருவருக்குப் பிரதிநிதியாக வந்தவர் அவருடைய கருத்துக்கு மாறாகப் பேசலாகாது. அவ்வாறே பிரதிப்பெயரும் தான் குறிக்கும் பெயரோடு எண்ணிலும் பாலிலும் இடத்திலும் ஒத்திருத்தல் வேண்டும். ஆங்கில இலக்கணத்தின் இவ்விதி எளிதே. ஆயினும் தமிழ் மாணவர் இதில் இடறுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

'இராமன் தன் தாயை வணங்கினான். சீதை தன் தந்தையை வணங்கினாள்' என்கிறோம். ஈரிடத்தும் 'தன்' என்னும் ஒரே சொல்லே வருகிறது. பாலை வினைமுற்று காட்டிவிடுகிறது. ஆங்கில வினை பால் காட்டுவதில்லை; 'ஹிஸ்', 'ஹெர்' என்னும் சொற்களே அதனைக் காட்ட வேண்டும். இவ்வேறுபாட்டை உணராத மாணவர், தந்தை ஆண்பாலாயிற்றே என்று எண்ணிச் சீதையின் தந்தையை 'ஹிஸ் ஃபாதர்' என்று எழுதிவிடுகின்றனர். பிரெஞ்சு மொழி உடைமையின் பாலை நோக்கும். ஆங்கிலமோ உடையவரின் பாலை நோக்கும். 'யாருடைய தந்தை?' என்று கேட்டுப் பாருங்கள். சீதையினுடைய தந்தை என்பது விடையாயின், 'ஹெர்' என்பதே சரி.

இனி எண்ணைப் பார்ப்போம். 'ஈச்', 'எவ்ரி' என்பன பலரைக் கருதினாலும் ஒவ்வொருவராகப் பிரித்து நோக்குவன. ஆதலின் 'எவ்ரி பாய்' என்பதற்கு 'ஹிஸ்' என்பது பொருந்தும். 'ஆண்ட்' என்னும் சொல்லால் இணைந்த இருவருக்குத் 'தெய்ர்' என்னும் பன்மை வேண்டும். 'ஆர்', 'நார்' இணைக்குமிடத்து, அருகில் நிற்கும் பெயரை நோக்குவதே பொதுவிதி.

'எவ்ரி ஸ்டூடன்ட்' என்றால் என் செய்வது? வகுப்பில் மாணவியரும் இருக்கிறார்களே! ஆண்பாற்சொல் பெண்டிரையும் உள்ளடக்கும் என்று 1850ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே செய்தது. ஆயினும் மக்கள் வழக்கு, 14ஆம் நூற்றாண்டு தொட்டே, பால் விளங்காத ஒருவரைத் 'தே', 'தெய்ர்' என்னும் சொற்களால் சுட்டி வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் 'தே' என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தனர். தேர்வில் ஐயத்துக்கு இடமின்றி எழுத விரும்புவோர், 'ஆல் ஸ்டூடன்ட்ஸ்' என்று பெயரையே பன்மையாக்கிவிடலாம்.

இறுதியாக ஒன்று. எண்ணும் பாலும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. சுட்டப்படுபவர் இன்னார் என்பதும் தெளிவாதல் வேண்டும். 'இராமன் கோபாலனிடம் தன் நிலம் விற்கப்பட்டது என்றான்' எனில், நிலம் இராமனுடையது என்பது விளங்கும். அதனையே ஆங்கிலத்தில் 'ஹிஸ் லேண்ட்' என்று எழுதினால், நிலம் இருவருள் யாருக்கு உரியது? கதையிலாயின் கேடில்லை, உயிலிலோ கிரயப் பத்திரத்திலோ வந்தால் வழக்கு மன்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அத்தகைய இடங்களில் பிரதிப்பெயரை விடுத்து, உரியவரின் பெயரையே மீண்டும் எழுதுக. கூறியது கூறல் குற்றமெனினும், பொருள் மயங்க எழுதுதல் அதனினும் பெருங்குற்றமாகும்.